ஐம்பதுக்கு மேல் ஒரு முகம் – 14: ஆரஞ்சு டப்பா

“முகத்தைக் கழுவும்மா.”

சொல்லிவிட்டாள். சொல்லவே கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட அந்த ஒரே வாக்கியத்தை, வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பார்லரின் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியே விட்டாள்.

புருவம் எடுக்க நூலைப் பிரித்துக்கொண்டிருந்த சித்தியின் விரல்கள் நின்றன. அம்மாவின் கையிலிருந்த ஸ்பாஞ்ச், கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நின்றது.

“என்ன சொன்ன?”

“முகத்தைக் கழுவுன்னேன். சோப்புப் போட்டு. என் கண் முன்னாடி. இப்பவே.”

“காலங்கார்த்தால உனக்கு என்னடி ஆச்சு, டிகிரி?” என்றாள் அம்மா.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மகள்தான். வேதியியல். தேர்வு முடிவு வந்த அன்று சித்தி வைத்த பெயர், பிறகு யார் உரித்தும் உரியவில்லை. கொஞ்சும்போதும் டிகிரி, வையும்போதும் டிகிரி. குரலை வைத்துத்தான் எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். இப்போது வந்தது வசவு.

இந்த வீட்டில் அம்மாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்பாவைப் பற்றிக்கூடக் கேட்கலாம். சிரித்துக்கொண்டே பதில் வரும். முகம் கழுவச் சொல்ல மட்டும் கூடாது.

டிகிரி பிறந்த மூன்றாம் மாதம் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்தது, காப்பி சிந்திக் காய்ந்த மாதிரி. அப்பா ஒருநாள் விளக்கைப் போட்டு உற்றுப் பார்த்தார். “விளக்கை அணை” என்றார். அவ்வளவுதான். அந்த வருஷமே மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்ன சொல் மட்டும் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இருபத்து மூன்று வருஷமாக அம்மா எல்லோருக்கும் முன்பே எழுந்துவிடுவாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருவாள். வெளியே வரும்போது முகம் தயாராக இருக்கும். வீட்டுப் பேச்சில் அதற்கு ‘முகம் போட்டுக்கிறது’ என்று பெயர். தன் மங்கை மறைக்கக் கற்றுக்கொண்ட கைவேலைதான் பிறகு சோறு போட்டது. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் மேக்கப். ஊரெல்லாம் பவுடரக்கா என்று கூப்பிடுகிறது. பவுடரைக் கையால் தொடாதீர்கள் என்று அம்மா தொண்டை கிழியக் கத்துவதுதான் இதில் வேடிக்கை.

போன வாரம் துவைக்கப் போட்ட துணிகளுக்கு நடுவே அம்மாவின் துவாலையை டிகிரி பிரித்துப் பார்த்ததும், அதிலிருந்த கறையைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சுருட்டி வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கறையில் இரண்டு நிறம் இருந்தது. ஒன்று பச்சை. மற்றது ரத்தம். ரத்தம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஆறு நாளை ஓட்டினாள்.

நேற்று சாயங்காலம் அது முடியாமல் போயிற்று.

இன்றைய நிகழ்ச்சிக்காக அம்மாவின் மேக்கப் பெட்டியைத் திறந்து சின்னச் சின்ன டப்பாக்களை நிரப்ப உட்கார்ந்தாள். அது எப்போதும் அவள் வேலை. இந்தத் தொழிலில் நிறத்தை நிறத்தால் அடிப்பார்கள். மங்கின் பழுப்புக்குப் பீச் பழ நிறக் கரெக்டர். நீலம் பாய்ந்த கறுப்புக்கு ஆரஞ்சு. சிவந்து கனிந்த இடத்துக்குப் பச்சை. இந்த அடியில்லாமல் மேலே எத்தனை பூசினாலும் கறை எட்டிப் பார்க்கும்.

அம்மாவின் சொந்த டப்பா வருஷக்கணக்காகப் பீச்தான். எட்டு மாதத்துக்கு முன் ஆரஞ்சு கேட்டாள். “கஸ்டமருக்கா?” என்றதற்கு, “ஆமா” என்றாள். டிகிரி நிரப்பிக் கொடுத்தாள். பிறகு வாரம் ஒருமுறை அது காலியானது. “இன்னும் கொஞ்சம் கெட்டியா கிடைக்குமாடி?” என்று அம்மா கேட்டாள். படித்த திமிரில் பொருட்பட்டியலையெல்லாம் அலசி, மெழுகு அதிகமுள்ள ஒன்றைத் தேடி வரவழைத்துக் கொடுத்தாள். “பார்த்தியா, எப்படி நிக்குது!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

நேற்று பார்த்தால், போன மாதம் பிரித்த பச்சை டப்பாவில் பாதி இல்லை.

பழுப்பு. கறுப்பு. நீலம். சிவப்பு.

அம்மாவின் கன்னத்தில் ஏதோ ஒன்று நிறம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தந்த நிறத்துக்கான சாயத்தைத் தன் கையாலேயே அளந்து அளந்து கொடுத்திருக்கிறாள்.

“இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?” அம்மா ஸ்பாஞ்சைக் கன்னத்தில் ஒற்றினாள். இடது கன்னம். அங்கே மட்டும் நாலு ஒற்று அதிகம். “அறுபது பேர் வர்றாங்க. மேக்கப் கம்பெனிக்காரங்க வர்றாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சா அவங்க பெட்டி மேல யாரு முகம் வரப் போகுது தெரியுமா? என் முகம். ஐம்பத்து மூணு வயசுல. அதைக் கழுவச் சொல்றா பாரு, மகராசி!”

“அம்மா, அங்க என்ன இருக்கு?”

“எங்க?”

“நீ நாலு தடவை ஒத்துன இடத்துல.”

அம்மா பெட்டியைப் பூட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, “வண்டி வந்தா கூப்பிடு” என்று சித்தியிடம் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள். நடையில் அவசரம் எதுவும் தெரியவில்லை. அதுதான் டிகிரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

சித்தி அவள் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள்.

“உன் வாய்க்கு ஒரு பூட்டே கிடையாதாடி?”

“சித்தி, உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? நூலைப் பிடிக்கத் தெரியும், இழுக்கத் தெரியும்.”

“தெரியும். நான் கேட்டப்ப நீங்க என்னைப் பார்க்கல, அம்மாவைப் பார்த்தீங்க.”

எப்போதும் எதற்காவது நக்கல் அடித்துக்கொண்டிருக்கும் சித்தியின் முகம் சட்டென்று கிழவி முகமாகிவிட்டது. கைப்பையின் ஓரத்துக்குள் விரலை விட்டு, நாலாக எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

“வீட்டுல எங்க வெச்சாலும் என்னையே முறைக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் கூடவே தூக்கிட்டுச் சுத்துறேன்.”

மருத்துவமனைச் சீட்டு. தோல் பிரிவு. தேதியைப் பார்த்தாள். பன்னிரண்டு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை. இடது கன்னம், நிறமும் ஓரமும் மாறும் புள்ளி. சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அவசரம். ‘அவசரம்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு. கடைசியில், டாக்டர் பார்க்கும் நேரம்: வியாழன் மட்டும், ஒன்பது முதல் ஒன்று வரை.

சீட்டை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், பெருசாவும் இருக்கலாம்னாரு. வெட்டிப் பார்த்தாதான் தெரியும்னாரு. ‘வெட்டி’ன்னு அவர் வாயை மூடல, உங்கம்மா எழுந்து நடந்துட்டா.”

“நீங்க?”

“பின்னாடியே ஓடினேன். வேற என்ன பண்ணச் சொல்ற? கட்டிப் போடவா? என் தலை மேல கை வெச்சு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

“பன்னிரண்டு வாரம் சித்தி! பன்னிரண்டு வாரம்! அவங்க தலையை விட உங்க தலை பெருசா போச்சா?”

சித்தி அழவில்லை. நூல்கண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ரத்தம் ஓடாமல் விரல்நுனி வெளுக்கும்வரை சுற்றினாள்.

“எனக்கும் பயம்தாண்டி,” என்றாள். “அவ போகலைன்னு கவலையா இருந்துச்சா, போகலைன்னு நிம்மதியா இருந்துச்சான்னு எனக்கே தெரியல.”

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

வழி முழுக்க அம்மா பேசிக்கொண்டே வந்தாள். எதை முதலில் சொல்வது, எங்கே சிரிக்க வைப்பது, விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒத்திகை. இடது கன்னத்தை ஜன்னல் பக்கமாகவே வைத்துக்கொண்டு வந்தாள். டிகிரி சீட்டைக் கைக்குள் வைத்திருந்தாள். இப்போதே இறங்கச் சொன்னால் என்ன? வண்டியைத் திருப்பச் சொன்னால்? சொன்னால் அம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். அந்தச் சிரிப்பைத் தாண்டி இதுவரை யாரும் உள்ளே போனதில்லை.

மணி ஒன்பதரை. இன்னும் மூன்றரை மணி நேரம். அப்புறம் அடுத்த வியாழன்.

ஒரு ஹோட்டலின் முதல் மாடிக் கூடம் அது. வரிசையாக நாற்காலிகள், நடுவில் ஒரு மேடை, மேடையில் உயரமான ஒரு நாற்காலி, சுற்றிச் சுட்டெரிக்கும் விளக்குகள். கம்பெனி மேடம் கையில் மைக்கோடு ஓடிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். முகத்தில் சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

“பவுடரக்கா! இன்டர்வெலுக்கு முன்னாடி ஒரு ஆடியன்ஸ் முகம். அப்புறம் உங்க சொந்த முகம். அதைத்தான் எங்க பெரியவர் பார்க்க வர்றாரு.”

“என் முகத்துல பார்க்க என்ன இருக்கு?” என்று அம்மா சிரித்தாள்.

கூடம் நிறைந்தது. எல்லாம் ஐம்பது, அறுபது, எழுபது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுப்பதைக் கேட்க வந்த முகங்கள். மேடை நாற்காலிக்கு முதலில் வந்து ஏறியவர், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. ஏறும்போதே உத்தரவு போட்டார்.

“எனக்கு அறுபத்தெட்டு. முப்பதாக்கிடாதேம்மா. வீட்டுக்காரர் யாரோன்னு நினைச்சுக் கதவைச் சாத்திடுவாரு.”

“அறுபத்தெட்டாவே இருங்க டீச்சர். நல்லாத் தூங்கி எழுந்த அறுபத்தெட்டா இருங்க, போதும்.”

கூடம் கலகலத்தது. அம்மா மேடையில் நின்றால் அந்த இடமே அவளுடையது. டிகிரி கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

“முதல்ல கிரீம். போட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. அந்த அஞ்சு நிமிஷம் புருஷன் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதீங்க, பிள்ளை கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதீங்க. தோல் குடிக்கட்டும். அப்புறம் ஃபவுண்டேஷன், ஒரு பட்டாணி அளவு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி முகம் பூரா அடிக்காதீங்க. நடுவுல வெச்சு ஓரத்துக்குத் தட்டிக்கிட்டே போங்க. தேய்க்கக் கூடாது. இந்த வயசுல தோல் கூடச் சண்டை போடக் கூடாது, தட்டிக் கொடுத்து வேலை வாங்கணும்.”

“எங்க வீட்டு மனுஷன் மாதிரி,” என்று பின்வரிசையில் ஒரு குரல்.

“அதே மாதிரிதான். பவுடர் வேணவே வேணாம். சிரிப்புக் கோட்டுல போய் உக்காந்துக்கிட்டு, நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்னு கத்தும். பிளஷ்ஷைக் கன்னத்து நடுவுல வைக்காதீங்க, ரெண்டு விரல் மேல ஏத்துங்க. வயசானா எல்லாம் கீழ இறங்குது. நாமளாவது மேல ஏத்தணும்.”

“எல்லாத்தையுமா?” என்றார் டீச்சர் கண்ணை மூடியபடியே.

கூடம் அதிர்ந்தது. டிகிரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நொடி எல்லாம் சரியாக இருப்பது போலவும், மடக்கிய காகிதம் வேறு யாருடையதோ போலவும் தோன்றியது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சாம்பல் நிறக் கைப்பை வைத்திருந்த ஒல்லியான பெண். அறுபது இருக்கும்.

“எனக்கு ஒரு சந்தேகம். நெத்தி ஓரத்துல ஒரு புள்ளி. கொஞ்ச நாளா கறுத்துக்கிட்டே வருது. பெருசாகுற மாதிரியும் இருக்கு. அதை எப்படி மறைக்கிறது?”

டிகிரி கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தாள்.

அம்மாவின் கையிலிருந்த பிரஷ் நின்றது. மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியில் அம்மா என்னவெல்லாம் சொல்லலாம் என்று டிகிரி நினைத்தாள். டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா என்று சொல்லலாம். எனக்கும் ஒண்ணு இருக்கு என்று சொல்லலாம். சொல்லும்மா. சொல்லிடும்மா.

“ஆரஞ்சு,” என்றாள் அம்மா. “முதல்ல ஆரஞ்சு கரெக்டர், மெல்லிசா. அது மேல கெட்டியான கன்சீலர். தட்டித் தட்டி விடுங்க. தெரியவே தெரியாது.”

அந்தப் பெண் ஒரு துண்டுத் தாளில் கவனமாக எழுதிக்கொண்டாள். ஆ-ர-ஞ்-சு. பக்கத்தில் இருந்தவளும் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

டிகிரி கைப்பேசித் திரையைப் பார்த்தாள். அம்மாவின் முகம் பெரிதாக நின்றது. இடது கன்னத்தில், அந்த அழகான பூச்சின் நடுவில், சிவப்பாக ஒரு குண்டூசித் தலை.

விளக்குச் சூட்டில் வியர்வை என்று நினைத்தாள். அது மெல்லப் பெருத்தது. மெழுகைப் பிளந்துகொண்டு மேலே வந்தது.

டிகிரியின் முகம் மாறியதை மேடையிலிருந்து அம்மா பார்த்துவிட்டாள். எதுவும் நடக்காத மாதிரி கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“டீச்சர் தயார்! எல்லாரும் கை தட்டுங்க. பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்க. அடுத்தது என் மூஞ்சி.”

உடைமாற்றும் அறையில் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், இரண்டு நாற்காலி. சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா பஞ்சை நனைத்து இடது கன்னத்தை மட்டும் துடைத்தாள். ஒரு பஞ்சு. இரண்டாவது. மூன்றாவது சிவப்பாக வந்தது. பிறகு அவளே திரும்பிக் காட்டினாள்.

“பார்த்துக்கோ. பார்க்கணும் பார்க்கணும்னு நின்னியே.”

சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. வட்டமாக இல்லை, ஒரு பக்கம் மை கொட்டியது போல் ஓடியிருந்தது. கறுப்பு, ஓரத்தில் நீலம், நடுவில் பக்குக் கட்டி உடைந்த இடம். அதைச் சுற்றி, டிகிரி பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத அம்மாவின் தோல். பழைய மங்கு. பாவமாக, சாதுவாக இருந்தது. இத்தனை வருஷம் இதற்காகவா ஒளிந்தாள்?

“வலிக்குதாம்மா?”

“இல்ல. அதான் ஒண்ணுமிருக்காதுன்னு நினைச்சேன்.” அம்மாவின் குரலில் மேடை இல்லை. “மங்குதான் கறுத்திருக்குன்னு நினைச்சேன். கறுத்தா ஆரஞ்சு, அவ்வளவுதானேன்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கிறதையே விட்டுட்டேன்.”

அம்மா பெட்டியைத் திறந்தாள். டப்பாவை எடுக்கப் போன விரல் தடுமாறியது. மூடி கழன்று உருண்டது.

“கை நடுங்குது. கண்ணாடி போட்டாலும் கிட்டத்துல தெரிய மாட்டேங்குது. நீ போட்டுவிடு.”

“மாட்டேன்.”

“பச்சையை அடியில தட்டி, மேல ஆரஞ்சு. ரெண்டு நிமிஷ வேலைடி.”

“மணி பன்னிரண்டாகப் போகுது. ஆஸ்பத்திரி இங்கிருந்து இருபது நிமிஷம். டாக்டர் ஒரு மணி வரைக்கும் இருப்பாரு. கிளம்பும்மா.”

“சீட்டைக் கொடுத்துட்டியா?” அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி கதவைப் பார்த்தாள்.

“வெட்டுவாங்கடி,” என்றாள் அம்மா. “கன்னத்துல குழி விழும். கறுப்பை அடிக்க நிறம் இருக்கு, சிவப்பை அடிக்க நிறம் இருக்கு. குழியை எந்த நிறத்தாலயும் அடிக்க முடியாது. இத்தனை வருஷத்துல எத்தனை குழியைப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? குழி விழுந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் எவளுக்கு முகம் போடுறது? எவ என்கிட்ட வந்து உக்காருவா?”

“உயிரோட இருந்தாத்தானே உக்கார வைக்க முடியும்!”

கத்திவிட்டாள். உயிர் என்ற சொல் அறைக்குள் வந்துவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள்.

“எனக்குப் பயமில்லைன்னு நினைச்சியா? இப்ப அது வெறும் கறுப்பு. அங்க போனா அதுக்கு ஒரு பேர் வெப்பாங்க. பேர் வெச்சுட்டா அது வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அடுத்த வியாழக்கிழமை வரேன், கண்ணு. உன் மேல சத்தியமா வரேன். இன்னைக்கு ஒருநாள் எனக்குக் கொடு. ஒரே ஒருநாள் என் மூஞ்சியைப் பார்க்க ஒரு கூட்டம் வந்திருக்கு.”

அம்மா கோபமாகப் பேசியிருந்தால் டிகிரி தாங்கியிருப்பாள். கண்ணு என்று சொன்ன பிறகு, டப்பாவை எடுத்து இரண்டு நிமிஷத்தில் தட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. அவ்வளவு சுலபம். எட்டு மாதமாக டப்பா நிரப்பிச் செய்த அதே வேலை. கை அதுபாட்டுக்கு நீண்டதுகூட.

கதவு தட்டும் சத்தம். “பவுடரக்கா! பெரியவர் வந்துட்டாரு! அஞ்சு நிமிஷம்!”

அம்மா அவசரமாகக் கன்னத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். மேடையில் டீச்சர் மூடிக்கொண்ட மாதிரியே, நம்பிக்கையாக.

மூன்றாவது வரிசைப் பெண் இதே போல ஒரு கண்ணாடி முன் உட்கார்ந்து, நெற்றியைத் தட்டித் தட்டி மறைக்கப் போகிறாள். துண்டுத் தாளைப் பார்த்துப் பார்த்து, ஒரு தப்பும் இல்லாமல், அம்மா சொன்னபடியே.

டிகிரி உருண்டு கிடந்த மூடியை எடுத்து ஆரஞ்சு டப்பாவை மூடினாள். பெட்டிக்குள் வைத்தாள்.

“நான் போறேன்மா.”

அம்மா கண்ணைத் திறந்தாள். “எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. உன் பேர்ல டோக்கன் எடுக்குறேன். ஒரு மணி வரைக்கும் அங்க உக்காந்திருப்பேன்.”

“நான் வரலைன்னா?”

“அடுத்த வியாழனும் போய் உக்காருவேன். அதுக்கடுத்த வியாழனும். ஆனா இனிமே உனக்கு ஒரு டப்பாகூட என் கையால நிரப்ப மாட்டேன்.”

“பெத்தவளைப் பாதியில விட்டுட்டுப் போறியாடி? இந்த மூஞ்சியோட?”

டிகிரி தாழ்ப்பாளைத் திறந்தபோது சித்தி வழியை விட்டாள். மறிக்கவில்லை. முதுகில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள், அவ்வளவுதான்.

கூடத்தில் எல்லோரும் திரும்ப உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் கால் மேல் கால் போட்டிருந்தார். கம்பெனி மேடம் மைக்கை நீட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

“அம்மா ரெடியா?”

“கொடுங்க” என்று டிகிரி மைக்கை வாங்கினாள். அறுபது முகங்கள் நிமிர்ந்தன. கல்லூரியில்கூட மேடையேறிப் பேசியதில்லை. அம்மா இதற்காக ஜென்மத்துக்கும் மன்னிக்காமல் போகலாம். போகட்டும். மன்னிக்காமல் திட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.

“ரெண்டாவது பாகம் இன்னைக்குக் கிடையாது. எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவங்க கன்னத்துல கறுப்பா ஒண்ணு வளருது. எட்டு மாசமா மறைச்சு வெச்சிருந்தோம். நானும் கூட இருந்து மறைச்சேன். மூணாவது வரிசைல கேட்டீங்களே, அம்மா, ஆரஞ்சு எழுதிக்கிட்டீங்களே... அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. மறைக்காதீங்க. போய்க் காட்டுங்க.”

மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் கையிலிருந்த துண்டுத் தாளைப் பார்த்தாள்.

“யாரைக் கேட்டு இதெல்லாம் பேசுற?” கம்பெனி மேடம் பல்லைக் கடித்தாள். “உங்கம்மாகிட்டக் கேட்டியா?”

“கேட்கல,” என்று மைக்கை அவள் கையிலேயே வைத்தாள்.

நடந்தாள். நரைத்த தலைக்காரரைத் தாண்டி, டீச்சரைத் தாண்டி, நாற்காலி வரிசைகளைத் தாண்டி. படியில் இறங்கும்போது கைப்பிடியை விட முடியவில்லை. உடைமாற்றும் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று முதுகெல்லாம் காதாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கவில்லை.

வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு வாடகை வண்டி நின்றது. கதவில் கை வைத்தபோது, பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். சாம்பல் நிறக் கைப்பை. நெற்றி ஓரத்தைக் கையால் பொத்திக்கொண்டு அந்த ஒல்லியான பெண்.

“நானும் வரலாமா? தனியாப் போகப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான். ஏறுங்கம்மா.”

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். “ரெண்டு பேர் தானே?”

“மூணு பேர்.”

“இன்னொருத்தர் எங்கம்மா?”

டிகிரி மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஏழு.

“வந்தா வேற வண்டி பிடிச்சு வருவாங்க,” என்று கதவைச் சாத்தினாள். “நீங்க எடுங்க.”